நாடாவிலிருந்து தட்டுக்கு

வீடியோ கேசட்டுக்குள் சுற்றியிருக்கும் நாடா அரை அங்குல அகலம் கொண்டது. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. பாலியெஸ்டர் பட்டையின் மேல் இரும்பு ஆக்சைடுத் துகள்களைப் பாலியூரித்தேன் பசையில் குழைத்துப் பூசியிருக்கிறார்கள். ஒரு கல்யாணத்தின் முகூர்த்தமும் கெட்டிமேளமும் பந்தியும் மறுவீடும் அந்தத் துகள்கள் எப்படிக் காந்தமேறி நிற்கின்றன என்ற கணக்காகவே அதில் பதிந்திருக்கின்றன. ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976இல் கொண்டுவந்த விஎச்எஸ் முறை இது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டி 1982இல் இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி தொடங்கியது. கேசட்டை ஓட்டும் டெக்கை வாடகைக்கு எடுத்துத் தெருவே கூடிப் படம் பார்த்ததும், கல்யாணத்துக்கு வீடியோக்காரரை அமர்த்துவது வழக்கமானதும் அதற்குப் பின்புதான். அந்தக் கேசட்டுகளில் பலவற்றுக்கு இப்போது முப்பது, நாற்பது வயது.

அவற்றை டிஜிட்டலாக்கி டிவிடி போன்ற தட்டில் பதிப்பதில் இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன. நாடாவைப் படிப்பது ஒன்று. படித்ததை எழுதுவது மற்றொன்று. கடைகளில் விலை பேசப்படுவது பெரும்பாலும் இரண்டாவதற்கு. தரம் தீர்மானமாவது முதலாவதில்.

சாய்ந்த கோடுகள்

ஆடியோ கேசட்டில் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். விஎச்எஸ் டெக்கில், இந்தியாவும் இலங்கையும் பின்பற்றிய பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைப்படி, அது 2.34 சென்டிமீட்டர் மட்டுமே ஓடுகிறது. பாட்டைவிடப் படத்துக்கு நூற்றுக்கணக்கான மடங்கு தகவல் வேண்டும். வேகமோ பாதிகூட இல்லை. இந்த முரணைத் தீர்ப்பது டெக்கினுள் சுழலும் உருளை. 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள அது நிமிடத்துக்கு 1500 முறை சுற்றுகிறது. அதன் விளிம்பில் எதிரெதிரே பொருத்திய இரண்டு ஹெட்கள், உருளையைச் சாய்வாகத் தழுவிச் செல்லும் நாடாவை மாறி மாறி உரசுகின்றன. நாடா நகர்வது மெதுவாகத்தான் என்றாலும், ஹெட் நாடாவின் மேல் ஓடும் வேகம் விநாடிக்கு ஐந்து மீட்டரை நெருங்கிவிடுகிறது.

ஹெட் ஒருமுறை கடக்கும்போது எழுதும் சாய்ந்த கோட்டில் ஓர் அரைப்படம் இருக்கும். ஒற்றைப்படை வரிகள் ஒன்றில், இரட்டைப்படை வரிகள் அடுத்ததில். விநாடிக்கு 50 அரைப்படங்கள் சேர்ந்து 25 முழுப்படங்கள் ஆகின்றன. நாடாவின் மேல் விளிம்பில் ஒலி தனியாக ஓடுகிறது. கீழ் விளிம்பில் உருளையையும் நாடாவையும் ஒத்திசைக்கும் துடிப்புகள். ஓரம் கசங்கிய கேசட்டில் படம் தெளிவாக இருக்கும்போதே நாதஸ்வரம் கரகரப்பதற்குக் காரணம் இந்த அமைப்புதான்.

இவ்வளவு குறுகிய இடத்தில் முழுச் சமிக்ஞையும் கொள்ளாது. அதனால் ஒளிர்வை அதிர்வெண் பண்பேற்றம் செய்தும், வண்ணத்தை 627 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குத் தாழ்த்தியும் எழுதினார்கள். விளைவாக, படத்தின் குறுக்கே ஏறத்தாழ 240 வரி நுணுக்கம்தான் எஞ்சியது. வண்ணத்தின் நுணுக்கம் அதிலும் மிகச் சொற்பம். கூறைப்புடவையின் சிவப்பு, சரிகைக் கரையைத் தாண்டி மணமகனின் வேட்டிவரை கசிவது கேமராக்காரரின் குற்றமில்லை.

இத்துடன் தலைமுறை இழப்பும் உண்டு. ஸ்டூடியோவில் மிக்ஸிங் செய்து, சினிமாப் பாட்டும் பூ விரியும் தலைப்பும் சேர்த்துத் தந்த கேசட், மூலப்பதிவின் நகல். சொந்தக்காரர்களுக்காக அதிலிருந்து எடுத்துக் கொடுத்தது நகலின் நகல். ஒவ்வொரு படியிலும் இரைச்சல் கூடி, விளிம்புகள் மழுங்கும். ஒரே கல்யாணத்தின் கேசட் மூன்று வீடுகளில் இருந்தால், எது மூலத்துக்கு மிக அருகில் உள்ளது என்று முதலில் விசாரிப்பது எந்தக் கருவிக்குச் செலவிடுவதைவிடவும் பலன் தரும்.

எதிரிகள்

நாடாவில் முதலில் தளர்வது காந்தமன்று, பசை. பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, நீராற்பகுப்பு என்ற வினையால் மெல்லச் சிதைகிறது. பிசுபிசுத்த நாடா உருளையில் ஒட்டி, துகள்களை உதிர்த்து, ஹெட்டை அடைத்துவிடும். பூச்சு உதிர்ந்த இடத்தில் ஹெட்டுக்குப் படிக்க ஒன்றும் கிடைக்காததால் திரையில் வெள்ளைக் கீற்று பாயும். சென்னை, யாழ்ப்பாணம், கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் இதைவிட முந்திக்கொள்வது பூஞ்சணம். கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்தால் சுருளின் மேல் வெண்பொடியாகத் தெரியும். அப்படிப்பட்ட கேசட்டை டெக்கில் போடவே கூடாது: அந்த நாடா சேதமடைவதுடன், பூஞ்சணம் டெக்கின் பாதை முழுதும் பரவி அடுத்துப் போடும் கேசட்டையும் தொற்றும். தனியே சுத்தம் செய்யும் ஏற்பாடு உள்ளவரிடம்தான் அதைக் கொடுக்க வேண்டும்.

8 மில்லிமீட்டர் ஃபிலிம் சுருள்களின் நோய் வேறு. வசதியுள்ள சில வீடுகளில் வீடியோவுக்கு முன்பே இவை இருந்தன. கோடக் நிறுவனம் 1965இல் அறிமுகப்படுத்திய சூப்பர் 8 சுருள் ஒன்றின் நீளம் 50 அடி. விநாடிக்கு 18 படம் என்ற வேகத்தில் மூன்று நிமிடம் இருபது விநாடி ஓடும். இவற்றின் அடித்தளம் செல்லுலோஸ் அசிட்டேட். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அதிலிருந்து அசிட்டிக் அமிலம் வெளியேறுகிறது. டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடிக்கும். வெளியேறிய அமிலமே வினையை மேலும் முடுக்கிவிட, ஃபிலிம் சுருங்கி வளைகிறது. டிரையசிட்டேட் ஃபிலிம் 1948இல் சந்தைக்கு வந்தது. அது சிதைகிறது என்ற முதல் புகார் பத்தாண்டுக்குள்ளாகவே கோடக்குக்குப் போனது, அதுவும் இந்திய அரசிடமிருந்து. வெப்பமான, ஈரமான கிடங்குதான் காரணம். குளிர்நாட்டு ஆய்வகத்தில் தெரியவராத கோளாறு வெயிலில் சீக்கிரம் வெளிப்பட்டுவிட்டது.

நாடாவைக் காட்டிலும் அவசரமானது டெக்கின் நிலை. விசிஆர் எனப்படும் இந்த டெக்கைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபூனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனி இருப்பவை பழைய டெக்குகள் மட்டுமே. ரப்பர் பெல்ட் தளர்ந்தவை, ஹெட் தேய்ந்தவை. நல்ல நிலையில் உள்ள நாடாவும் படிக்க ஆளில்லாமல் போகும் நாள் அதிக தூரத்தில் இல்லை.

படிக்கும் வேலை

முதல் காரியம், கேசட்டின் முதுகு ஓரத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுவது. அது இல்லாத கேசட்டில் டெக் பதிவு செய்யாது. தவறான பொத்தான் அழுந்தினாலும் படம் அழியாது. பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த நாடாவை ஒருமுறை முழுதாக முன்னோக்கி ஓட்டி, பின்னோக்கிச் சுற்றினால் இறுக்கம் சீராகும். பிசுபிசுப்புத் தெரிந்தால் அதையும் செய்யாமல் நிறுத்திவிடுவது உத்தமம்.

டெக்கிலிருந்து சமிக்ஞை வெளியே வர இரண்டு வழிகள் உண்டு. மஞ்சள் முனை கொண்ட சாதாரண கம்பியில் ஒளிர்வும் வண்ணமும் கலந்து வரும். மறுமுனையில் அவற்றைப் பிரிக்கும்போது வரிகளின் ஓரத்தில் புள்ளிகள் ஊரும். எஸ்-வீடியோ கம்பியில் இரண்டும் தனித்தனியே வரும். நாடாவில் அவை பிரிந்தே இருப்பதால், கலந்து மறுபடி பிரிப்பது வீண் வேலை. எஸ்-விஎச்எஸ் வகை டெக்குகளில் இந்த வசதி இருந்தது. சாதாரண கேசட்டையும் அவை ஓட்டும்.

அடுத்தது நேரத் தடுமாற்றம், இந்த வேலையிலேயே மிக நுட்பமான சிக்கல். திரையின் ஒவ்வொரு வரியும் சரியாக 64 மைக்ரோவிநாடி நீடிக்க வேண்டும். நாடா நூலளவு நீண்டிருந்தாலும், உருளை இம்மி நடுங்கினாலும் ஒரு வரி முந்தும், இன்னொன்று பிந்தும். பழைய குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டி இந்தத் தடுமாற்றத்தோடு சேர்ந்தே ஆடிச் சமாளித்துவிடும். டிஜிட்டல் மாற்றி சமாளிப்பதில்லை: நேரான தூண்கள் அலையலையாக நெளியும், படங்கள் விட்டுப்போகும், சிறிது நேரத்தில் ஒலியும் உதடும் விலகும். நேரத் திருத்தி என்ற கருவி ஒவ்வொரு வரியையும் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, ஒழுங்கான இடைவெளியில் வெளியே விடுகிறது. சில உயர்ரக டெக்குகளில் இது உள்ளேயே உண்டு. மலிவு விலை யுஎஸ்பி மாற்றியையும் தேய்ந்த டெக்கையும் வைத்து நூற்றுக்கணக்கான கேசட்டுகளை வரிசையாக ஓட்டித்தள்ளும் இடங்களில் விட்டுப்போவது பெரும்பாலும் இந்தப் படிதான்.

பிறகு அளவெடுப்பு. 1982இல் ஏற்கப்பட்ட பன்னாட்டுத் தரத்தின்படி சமிக்ஞை விநாடிக்கு 1 கோடியே 35 லட்சம் முறை அளக்கப்படுகிறது. காணக்கூடிய ஒவ்வொரு வரிக்கும் 720 புள்ளிகள். பால் முறையில் 576 வரிகள். எட்டு பிட் நுணுக்கத்தில் இதை அப்படியே சேமித்தால் விநாடிக்கு 166 மெகாபிட், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 75 ஜிபி. ஒரு பிட்கூட இழக்காமல் சுருக்கும் எஃப்எஃப்வி1 போன்ற முறைகள் இதைப் பாதி அளவுக்கோ அதற்கும் கீழோ கொண்டுவரும். மூலக்கோப்பாக வைத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். படத்தின் அடியில் கிழிந்ததுபோல் சில வரிகள் தெரியும். ஒரு ஹெட்டிலிருந்து மற்றதற்கு மாறும் இடம் அது. பழைய பெட்டியின் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்ததால் யாரும் பார்த்ததில்லை. மூலக்கோப்பில் அதை வெட்ட வேண்டியதில்லை.

கனடாவிலிருந்து வந்த கேசட் யாழ்ப்பாணத்து டெக்கில் ஓடாமல் போன அனுபவம் புலம்பெயர்ந்த குடும்பங்களுக்குப் பழக்கமானது. வட அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறையில் 525 வரி, விநாடிக்கு ஏறத்தாழ 60 அரைப்படம்; பால் முறையில் 625 வரி, 50 அரைப்படம். கேசட்டின் உருவம் ஒன்றானாலும் உள்ளே எழுத்து வேறு. இரண்டையும் படிக்கும் மல்ட்டி சிஸ்டம் டெக் ஒன்றில் ஓட்டி, எந்த முறையில் பதிவானதோ அந்த முறையிலேயே கோப்பாக்க வேண்டும். ஒன்றை மற்றொன்றாக மாற்றினால் அசைவில் திக்கல் நிரந்தரமாகிவிடும். கணினிக்கு இரண்டும் ஒன்றே.

1995இல் வந்த மினிடிவி கேசட்டுகளுக்கு மேற்சொன்ன எதுவும் தேவையில்லை. அவற்றில் இருப்பது ஏற்கெனவே எண்கள். கேமராவின் ஃபயர்வயர் முனையிலிருந்து கணினிக்கு மணிக்கு 13 ஜிபி வீதம் அப்படியே நகலெடுத்துவிடலாம். மஞ்சள் கம்பி வழியாக அதைப் பிடிப்பது, எண்ணை அலையாக்கி மறுபடி எண்ணாக்கும் பிழை.

ஃபிலிம் சுருளைப் பொறுத்தவரை, சுவரில் படம் ஓட்டி எதிரே கேமரா வைத்துப் பிடிப்பது இன்றும் நடக்கிறது. 18 படமும் 25 படமும் பொருந்தாமல் திரை சிமிட்டும். ஒவ்வொரு சட்டமாக நிறுத்தி ஸ்கேன் செய்யும் கருவியே சரி. சுருங்கிய ஃபிலிமைப் பல்சக்கரம் இல்லாமல் நகர்த்தும் வகை இன்னும் பாதுகாப்பு.

புகைப்படங்கள்

பிரிண்ட் கையில் இருந்தாலும் நெகட்டிவைத் தேடிப் பார்ப்பது நல்லது. 4×6 அங்குல பிரிண்டை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 86 லட்சம் புள்ளிகள் கிடைக்கும். அதற்கு மேல் போனால் காகிதத்தின் சொரசொரப்புத்தான் பெரிதாகும். 35 மில்லிமீட்டர் நெகட்டிவின் ஒரு சட்டம் 36×24 மில்லிமீட்டர். அதை அங்குலத்துக்கு 4000 புள்ளி வீதம் படித்தால் 2 கோடிக்கும் மேல். ஆல்பத்தின் கடைசி உறையில் செருகி மறந்துபோன பழுப்பு நிறப் பட்டைகளுக்கு இவ்வளவு மதிப்பு.

எழுபதுகளின் வண்ணப் பிரிண்டுகள் பல செம்மை பூசியதுபோல் ஆகியிருக்கும். வண்ணப்படம் சியான், மெஜந்தா, மஞ்சள் என்ற மூன்று சாயங்களால் ஆனது. அக்காலக் காகிதங்களில் இருட்டில் வைத்தாலும் சியான் முதலில் வெளிறியது. எஞ்சிய இரண்டும் சேர்ந்தால் சிவப்பு. கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது சாயமன்று, வெள்ளித் துகள். ஒழுங்காகக் கழுவி எடுத்ததென்றால் அது நிலைக்கும். தாத்தா பாட்டியின் கல்யாணப் படம் பளிச்சென்றும், அவர்கள் பிள்ளைகளின் கல்யாணப் படம் வெளிறியும் ஒரே சுவரில் தொங்குவது இதனால்தான். வெளிறிய படத்தை நிறத்துக்கு 16 பிட் வீதம் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்தால், குறைந்த சாயத்தைப் பின்னர் கணினியில் உயர்த்த இடம் இருக்கும். ஜேபெக்கில் எட்டு பிட்தான். இழுத்தால் படிப்படியாக உடையும்.

தூசியையும் கீறலையும் நீக்க நல்ல ஸ்கேனர்கள் அகச்சிவப்புக் கதிரைப் பயன்படுத்துகின்றன. வண்ண நெகட்டிவின் சாயங்கள் அக்கதிரைத் தடுப்பதில்லை, தூசி தடுக்கும். ஆகவே தூசியின் வரைபடம் தனியே கிடைத்துவிடுகிறது. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் வெள்ளியே கதிரைத் தடுப்பதால் அங்கே இந்த வசதியை அணைத்துவிட வேண்டும், இல்லையேல் மூக்கும் முழியும் தூசிக் கணக்கில் போய்விடும். சட்டம் போட்ட படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்கவே கூடாது. வெளிப்புறத்துச் சந்தனம் குங்குமத்தை மெல்லத் துடைத்து, கண்ணாடியோடு சேர்த்தே படமெடுப்பதுதான் வழி. பசைத் தாளுள்ள ஆல்பங்களுக்கும் இதே முறை. பக்கத்தையே ஸ்கேனரில் கவிழ்க்கலாம்.

எழுதும் வேலை

டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. இரண்டு மணி நேரக் கேசட்டை அதில் அடக்க வேண்டுமானால் ஒலியும் சேர்த்து விநாடிக்கு 5.2 மெகாபிட்தான் கிடைக்கும், அதாவது மூலத்தில் முப்பதில் ஒரு பங்கு. எம்பெக்-2 சுருக்கம் இதைச் சாதிப்பது ஊகத்தால். படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, முந்தைய படத்தில் இருந்த கட்டம் எங்கே நகர்ந்தது என்பதை மட்டும் எழுதுகிறது. மேடையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் மணமக்களுக்கு இது போதும். தாலி கட்டும் நொடியில் எல்லாப் பக்கமிருந்தும் அட்சதை பறக்கிறது. ஆயிரம் துகள் ஆயிரம் திசையில் போகும்போது ஊகம் பலிக்காது, படம் கட்டம் கட்டமாக உடைகிறது. கேசட்டிலேயே மிக முக்கியமான அரை நிமிடம்தான் டிவிடியில் மிக மோசமாகத் தெரியும். நாடாவின் இரைச்சலும் ஊகிக்க முடியாத ஒன்று. பழைய கேசட் புதியதைவிட அதிக பிட்களைத் தின்னும். மூன்று மணி நேரக் கேசட்டை ஒரே தட்டில் திணிப்பதைவிட மூன்று தட்டாகப் பிரிப்பது மேல்.

வீடியோ சிடி இதற்கும் கீழ். 1993இல் வந்த அந்த முறையில் புள்ளிகள் 352×288 மட்டுமே. 2000ஆம் ஆண்டையொட்டிப் பலரும் கல்யாணக் கேசட்டை விசிடியாக மாற்றிக்கொண்டார்கள். மாற்றியாயிற்று என்று கேசட்டைத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு. கேசட் இன்னும் பரணில் இருந்தால், விசிடியை மறந்துவிட்டு மறுபடி அங்கிருந்து தொடங்குவதே முறை. அப்போது படம் 4:3 விகிதத்தில் இருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். அகலத் திரைக்கு இழுத்துவிட்ட நகல்களில் மணப்பெண் உட்பட எல்லோரும் பருத்திருப்பார்கள்.

வீட்டில் எழுதும் தட்டு, கடையில் வாங்கும் சினிமாத் தட்டைப் போன்றதன்று. சினிமாத் தட்டில் குழிகள் அச்சில் அழுத்தப்பட்டவை. எழுதும் தட்டில் கரிமச் சாயப் படலம் ஒன்று உண்டு. 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் அதைச் சுட்டு, குழி போன்ற தழும்புகளை உண்டாக்குகிறது. சுருள்பாதையின் அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே 0.74 மைக்ரோமீட்டர். சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் சிதையும், தட்டுகளிடையே தரமும் மாறுபடும். எனவே எழுதும் தட்டை நிரந்தரம் என்று நம்புவதற்கில்லை. சாயத்துக்குப் பதில் கனிமப் படலத்தைப் பொறிக்கும் எம்-டிஸ்க் இந்தக் குறையைத் தீர்க்க வந்தது. ப்ளூ-ரே தட்டில் லேசர் 405 நானோமீட்டர், பாதை இடைவெளி 0.32 மைக்ரோமீட்டர், கொள்ளளவு ஓர் அடுக்குக்கு 25 ஜிபி. இழப்பில்லாத மூலக்கோப்பை வைக்கத் தட்டுகளில் ஓரளவு பொருந்துவது இதுவே.

ஆகவே தட்டுகள் இரண்டு வகையாக இருக்க வேண்டும். பெரியவர்கள் பிளேயரில் போட்டுப் பார்க்க டிவிடி வீடியோ. பாதுகாக்க மூலக்கோப்பு, அதுவும் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, தட்டில் ஒன்று, வேறொரு வீட்டில் ஒன்று. எழுதி முடித்ததும் சரிபார்ப்பு ஓட்டம் கட்டாயம். சிடியில் தகவல் படலம் லேபிள் பக்கத்து மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழேயே இருப்பதால் பால்பாயின்ட் பேனாவின் அழுத்தமே போதும் கெடுக்க. டிவிடியில் அது 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. தேதியும் பெயரும் எழுத நடுவளையமே சிறந்த இடம்.

இருபது ஆண்டுக்கு முன் எழுதிய தட்டுகள் இப்போது தாங்களே மீட்புக்கு வரிசையில் நிற்கின்றன. பிழைதிருத்தக் குறிகள் தட்டிலேயே இருப்பதால் சிறு கீறலை டிரைவ் தானாகச் சமாளிக்கும். குறிகளின் தாங்குதிறன் தாண்டிய பிறகு முன்னறிவிப்பின்றிக் கோப்பு திறக்காமல் போகும். ஈரத்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் பாதையோடு ஓடி, பிழைதிருத்தத்தைத் தோற்கடிக்கும். ஒரு டிரைவில் படிக்காத தட்டு வேறொன்றில் படிப்பது அடிக்கடி நடப்பதே. கெட்ட பகுதிகளைத் தாண்டிச் சென்று நல்லதை முதலில் எடுத்து, பின்னர் திரும்பி வந்து எஞ்சியதை மறுபடி முயலும் மென்பொருள்களும் உண்டு. அவற்றை இரண்டு மூன்று டிரைவ்களில் மாற்றி மாற்றி ஓட்டினால், ஒன்று விட்ட இடத்தை மற்றொன்று நிரப்பி, பல தட்டுகளின் உள்ளடக்கம் முழுதாகவே கிடைத்துவிடுகிறது.